புழுதியில் எடுத்த அச்சு

மெல்லிய துணியில் முடிந்த வெள்ளை மாவை இரண்டு விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. தட்டத் தட்ட மாவு இழைகளின் வழியே கசிந்து, புழுதியில் பதிந்திருந்த காலடியின் மேல் மெலிதாகப் படிந்தது. விரல்கள் அவசரப்படவில்லை. கொஞ்சம் வேகமாகத் தட்டினாலும் காலடியின் ஓரம் சரிந்து உள்ளே விழுந்துவிடும். காற்று வரும் பக்கத்தில் இடக்கை மறைப்பாக நின்றது. சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற நகங்கள். விரல் கணுக்களில் பழைய சுவரைப் போல வெடிப்பு.

ஆறடி தள்ளிப் புல் படுத்துக் கிடந்தது. அதன்மேல் ரத்தம் கறுத்துக் காய்ந்து, எறும்பு வரிசை கட்டியிருந்தது. ஒற்றைச் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அந்தச் செருப்புக்காரனைக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் தார்ப்பாயில் சுருட்டித் தூக்கிப் போனார்கள். நாலு பேர் தூக்கினார்கள். இரண்டு பேரே போதும். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

அவன் மாவு தட்டிக்கொண்டிருந்தவளுடைய கொழுந்தன். இந்தத் தேசியப் பூங்காவில் காட்டு வாட்சர். நேற்று மாலை இந்தத் தீத்தடத்தில் தனியாக நடந்து போனவன். காட்டுத்தீ பரவாமல் இருக்கப் புல்லைச் செதுக்கி, வெறும் மண்ணாக விட்டிருக்கும் பாதை அது. இரண்டு பக்கமும் மூங்கில். உள்ளே பத்தடிக்கு மேல் கண் போகாது.

"இன்னும் எவ்வளவு நேரம் அச்சக்கா?" என்றார் காவலுக்கு வந்திருந்த துப்பாக்கிக்காரர். அவளுக்கு முதுகைக் காட்டி, மூங்கிலைப் பார்த்து நின்றிருந்தார்.

"தட்டி முடிக்க அஞ்சு நிமிஷம். தண்ணி தெளிச்சு, மாவு ஊத்தி, இறுக இருபது நிமிஷம்."

"சரி. உள்ள இருக்கறவங்ககிட்ட சொல்லிப் பாக்கறேன். இருபத்தஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்கன்னு."

மூங்கிலுக்குள்ளிருந்து பதில் வந்தது. அது உறுமல்கூட இல்லை. தரைக்கடியில் யாரோ அம்மிக்கல்லை இழுத்துப் போவது போன்ற சத்தம். தின்றுகொண்டிருந்ததை மனிதர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று உள்ளே இருந்த புலிக்குக் கோபம். போகவும் மனமில்லை, வெளியே வரவும் மனமில்லை.

"முகத்தைக் காட்டித் தொலைச்சா இந்த மாவு வேலையே வேணாம்" என்றார் அவர். "யாருன்னு தெரியாம நான் சுட முடியாது. போன தடவை பட்டது போதும்."

போன தடவை என்ற சொல் காதில் விழுந்ததும் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடியும் தட்டின.

அவளை அச்சக்கா என்றுதான் பூங்கா முழுக்கக் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பதினாறு வயதில் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். இருபதில் பூச்சு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். மட்டக்கட்டை வைத்துப் பார்த்தால் கட்டைக்கும் அவள் பூசிய சுவருக்கும் நடுவே தலைமுடி நுழையாது. ஊழியர் குடியிருப்புக்குப் பூச்சு வேலை என்று இங்கே வந்தபோது, ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் இரண்டு அதிகாரிகள் தரையில் குந்திக்கொண்டு, ஒரு புலியின் காலடியில் மாவுக் கரைசலை ஊற்றித் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற அதே மாவு. எடுக்கிற அச்சு எல்லாம் கையிலேயே உதிர்ந்தது.

"மாவுல தண்ணிய ஊத்தினா கட்டிதான் தட்டும் சார். தண்ணியில மாவத் தூவணும். அப்புறம் அடிச்சுக் கலக்கக் கூடாது, கையால மெதுவாத் துழாவணும்" என்று போகிற போக்கில் சொன்னாள். கரண்டி அவள் கைக்கு வந்தது. அதோடு பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இடையில் பூங்கா ஜீப் ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

காடு அவளுக்கு அழகான இடமாகத் தோன்றியதே இல்லை. வருடத்தில் எட்டு மாதம் மழை. மழை நின்றபிறகும் ஒரு மணி நேரம் மரங்கள் சொட்டும். பாறை பாசி பிடித்து வழுக்கும். அட்டை காலில் ஏறுவது தெரியாது. இறங்கிய பிறகு ஓடும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அவளைக் கூப்பிடுவதெல்லாம் ஏதாவது செத்த பிறகுதான். செந்நாய்க் கூட்டம் மானை நிற்க வைத்தே தின்னும். மான் தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு நாலு அடி நடந்ததைப் பார்த்திருக்கிறாள். இரண்டு கொம்பன் யானைகள் ஒரு பகல் முழுக்க முட்டிக்கொண்ட இடத்தில், ஓடையே சிவந்து சேறாகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். கம்பிக் கண்ணியில் மாட்டிய சிறுத்தை தன் காலைத் தானே கடித்து அறுத்துவிட்டுப் போயிருந்தது. கண்ணியில் கிடந்த அந்தக் காலுக்கும் ஓர் அச்சு எடுத்தாள். இங்கே எதுவும் வயதாகிப் படுத்துச் செத்ததாக அவளுக்கு நினைவில்லை.

ஆனால் அச்சு மட்டும் அழகாக இருக்க வேண்டும் அவளுக்கு. அது பூச்சுக்காரியின் புத்தி. ஈர மண்ணில் எடுத்தால் பாதத்தின் ஒவ்வொரு சுருக்கமும் கண்ணாடி போல வரும். புழுதியில் எடுத்தால் மணல் ஒட்டி, ஓரம் உடைந்து, பொரித்த அப்பளம் போல இருக்கும். அதனால் எத்தனை காலடி கிடந்தாலும் ஓடைக்கரையில் இருப்பதைத்தான் தேடிப் போவாள். எடுத்த பிறகும் விடமாட்டாள். குமிழி வந்த இடத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்துத்தான் கொடுப்பாள்.

"அண்ணி, இத அலமாரியில வைக்காதீங்க. கண்ணாடி போட்டு மாட்டுங்க. புலி பாத்தா அதுக்கே வெக்கம் வந்துடும்" என்று கொழுந்தன் கிண்டல் செய்வான்.

"உன் காலுக்கு ஒண்ணு எடுத்துத் தரட்டுமா? வெடிப்புல மட்டும் ஒரு மூட்டை மாவு போகும்" என்பாள்.

பதினெட்டு நாளுக்கு முன் ஓடைக்கரையில் விறகு பொறுக்கப் போன ஒருத்தியைப் புலி அடித்துத் தின்றது. கழுத்து எலும்பு நொறுங்கி, தலை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. மறுநாள் மழை விட்ட பிறகு அச்சக்கா போய் அச்சு எடுத்தாள். கரையில் நல்ல சேறு. சேற்றில் விரல்கள் விரிந்து, பாதம் அகலமாகப் பதிந்திருந்தது. அகலமான சதுரப் பாதம் என்றால் ஆண். நீண்டு ஒடுங்கியிருந்தால் பெண். அவள் ஆண் என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் சுற்றிய ஒரே ஆண்புலிக்கு மொட்டைவால் என்று பெயர். மேலிடத்து உத்தரவு வந்தது. துப்பாக்கிக்காரர் மூன்றாம் நாள் அதைச் சுட்டார். முதல் குண்டு முதுகெலும்பில் பட்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அது அவரை நோக்கியே வந்ததாம். இரண்டாவது குண்டு வாய்க்குள் போனது.

கால்நடை டாக்டர் அதன் வயிற்றைக் கிழித்தபோது அவளும் நின்றிருந்தாள். காட்டுப்பன்றியின் மயிரும் குளம்பும் கொட்டின. மனித முடி ஒன்றுகூட இல்லை. "நாள் ஆயிடுச்சு, செரிச்சிருக்கும்" என்று ரேஞ்சர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். ஆபத்து நீங்கியது என்று பலகை எழுதி வைத்து, மூடியிருந்த தீத்தடத்தைத் திறந்தார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் நேற்றுக் கொழுந்தன் நடந்தான்.

இப்போது காலடி முழுக்க மாவு படிந்துவிட்டது. அவள் குவளையில் கை நனைத்து, விரல்களை உதறித் தூறல் போலத் தண்ணீர் தெளித்தாள். மேல்மாவு ஊறி ஓடு கட்டியது. பிறகு கரைசலை நேராக ஊற்றாமல், கரண்டியின் முதுகில் வழியவிட்டு நிரப்பினாள். காலடியைச் சுற்றி வைத்திருந்த தகர வளையத்தின் விளிம்பு வரை வந்ததும் நிறுத்தினாள்.

"ஊத்தியாச்சு" என்றாள்.

மூங்கில் வெடித்தது. அப்படித்தான் இருந்தது. காய்ந்த கழிகள் படபடவென்று முறிய, மஞ்சளாக ஏதோ ஒரு பெருத்த எடை அவர்களை நோக்கி வந்தது. துப்பாக்கிக்காரர் வானத்தைப் பார்த்துச் சுட்டார். அவள் ஓடவில்லை. வளையத்தின்மேல் கவிழ்ந்து இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டாள். மண் அதிர்ந்தால் அச்சு போய்விடும் என்பதுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. மூங்கில் ஓரத்துக்கு ஒரு முழம் உள்ளே அந்த எடை நின்றது. ஒரு கர்ஜனை. அழுகிய இறைச்சியின் மூச்சு முகத்தில் அடித்தது. பிறகு அப்படியே பின்வாங்கிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"தோள் மட்டும்." அவர் மூங்கிலை விட்டுக் கண் எடுக்கவில்லை. "முகம் தெரியல. அச்சக்கா, உங்களுக்குப் பைத்தியமா? படுத்துக் கெடக்கறீங்க?"

"இது போச்சுன்னா வேற காலடி இல்ல. மத்ததெல்லாம் பாடியத் தூக்க வந்தவங்க மிதிச்சிட்டாங்க."

மீதி இருபது நிமிடமும் அவள் கை வளையத்தின்மேலேயே இருந்தது. மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறி, பிறகு தணிந்தது. தணிந்த பிறகுதான் கத்தியால் மண்ணைச் சுற்றிக் கீறி, அடியில் கைவிட்டுத் தூக்கினாள்.

ரேஞ்சர் ஆபீஸைப் பின்வழியாகத்தான் நெருங்க முடிந்தது. முன்வாசலில் ஊரே திரண்டிருந்தது. சோதனைச் சாவடி எரிந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் தம்பியின் உடலை ஏற்றி வந்த ஜீப்பைத்தான் முதலில் நொறுக்கியிருந்தார்கள், பூங்கா வண்டி என்பதற்காக. வண்டிக்குள் கிடப்பது யார் என்று அவர் கத்தியதை யாரும் கேட்கவில்லை. ஒரு கல் நெற்றியைப் பிளந்திருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து, துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு.

"எடுத்தியா?" என்றார்.

"எடுத்தேன்."

"எதுவா இருந்தாலும் சரி. இன்னிக்கு அது சாகணும்."

உள்ளே தகரக் கூரையில் கல் விழும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. அவள் அச்சை மேசையில் வைத்து, ஒட்டிய புழுதியைத் தூரிகையால் தள்ளினாள். அசிங்கமான அச்சு. விளிம்பு பொரிந்திருந்தது. ஆனால் காய்ந்த மண் எதையும் விரிக்காது. இருந்ததை இருந்தபடி கொடுத்திருந்தது. நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். ஒடுங்கிய பாதம். பெண்.

மூன்றாவது விரலில் அரிசி அளவுக்கு ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது. தூரிகையால் தட்டினாள். உதிரவில்லை. நகத்தால் நெருடினாள். மண் இல்லை, குமிழியும் இல்லை. முள்ளம்பன்றியின் முள் ஒடிந்து விரலுக்குள்ளேயே நின்றுவிட்டால், நடக்கும்போது தரையில் அப்படித்தான் குழி விழும். காலில் முள் ஏறிய புலி மானைத் துரத்த முடியாது. மெதுவாக நடப்பதைத்தான் பிடிக்கும்.

எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தாள். போன தடவை எடுத்த அச்சு மேல்தட்டில் வெண்ணெய் போல வழவழவென்று இருந்தது. மூன்றாவது விரலில் விரலை ஓட்டினாள். அங்கே கத்தி போன தடம் தட்டையாக இருந்தது. குமிழி என்று நினைத்து அவளே சீவி எறிந்த இடம்.

ரேஞ்சர் கதவைச் சாத்தினார். முப்பது வயதுக்காரர், இரண்டு நாளாகத் தூங்காதவர். பின்னாலேயே துப்பாக்கிக்காரரும் உள்ளே வந்து நின்றார்.

"மூக்குத்திதானே?" என்றார் ரேஞ்சர். மூக்கோரம் கறுப்புப் புள்ளி உள்ள பெண்புலி அது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

"இந்தப் பக்கம் வேற பொட்டை இல்ல சார்."

"அதுக்கு மூணு குட்டி இருக்கு. நாலு மாசம். தாய் போனா மூணும் பசியில சாகும், இல்லன்னா புதுசா வர்ற ஆண் கடிச்சுப் போடும். ஒரு குண்டுக்கு நாலு புலி அக்கா." மேசையைச் சுற்றி வந்தார். "நான் சொல்றத உக்காந்து கேளுங்க. புழுதி அச்சு, ஓரம் உடைஞ்சிருக்கு. அடையாளம் சொல்ல முடியலன்னு எழுதுங்க. நான் கூண்டு வைக்கறேன். பதினஞ்சு நாள்ல உயிரோட பிடிச்சுடலாம்."

"அந்தப் பதினஞ்சு நாளும் அது என்ன சார் திங்கும்?"

ரேஞ்சர் அலமாரியிலிருந்து வந்த பழைய அச்சைப் பார்த்தார். கத்தித் தடத்தை அவரும் கண்டுபிடித்துவிட்டார். அவர் குரல் தாழ்ந்தது.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா முதல்ல உருள்றது உங்க தலைதான். மொட்டைவால் தப்பாச் செத்துச்சு, தடத்தைத் திறந்தது தப்பு, எல்லாம் இந்தச் சீவுன எடத்துல வந்து நிக்கும். உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். சேற்றைத் தவிர்த்திருந்தால், அந்த முனையைச் சீவாமல் இருந்திருந்தால், தடம் மூடியே கிடந்திருக்கும். செருப்பு இரண்டும் இந்நேரம் அவன் காலில் இருந்திருக்கும்.

பின்கதவு திறந்தது. ஓரகத்தி நின்றாள், செத்துப்போனவனின் மனைவி. தலை அவிழ்ந்திருந்தது. அழுது முடித்த முகம் இல்லை. அழ ஆரம்பிக்காத முகம்.

"எந்தப் புலி, அக்கா?" என்றாள்.

ரேஞ்சர் வாயைத் திறந்தார். துப்பாக்கிக்காரர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"மூக்குத்தி" என்றாள் அச்சக்கா. "போன தடவையும் அதுதான். எனக்கு அப்ப தெரியல. இங்க பாரு, இந்த முனை. பழையதுலயும் இருந்துச்சு. அழகா இல்லன்னு நான்தான் சீவிட்டேன். சேத்துல எடுத்ததால ஆணுன்னு வேற எழுதிட்டேன். அத நம்பித்தான் பாதையத் திறந்தாங்க. அத நம்பித்தான் உன் வீட்டுக்காரன் போனான்."

ஓரகத்தி இரண்டு அச்சையும் பார்த்தாள். பழையதில் கத்தித் தடத்தை விரலால் தடவினாள். பிறகு அதே கையால் அச்சக்காவின் கன்னத்தில் அறைந்தாள். ஒன்று, இன்னொன்று. மூன்றாவதில் அச்சக்காவின் உதடு பல்லில் மோதிக் கிழிந்தது. யாரும் தடுக்கவில்லை. அச்சக்கா முகத்தைத் திருப்பவும் இல்லை. கூரையில் மேலும் ஒரு கல் விழுந்து உருண்டது.

ஓரகத்தியின் கை தானாகத் தொங்கியது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடு" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. "நாளைக்கும் எவளோ ஒருத்தி அந்தக் காட்டுக்குள்ள வெறகுக்குப் போவா. எழுதிக் குடுக்கா."

ரேஞ்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "குட்டிங்களை நான் போய்த் தேடறேன்" என்றார் வெளியே பார்த்தபடி. "இப்பவே. ஆள் குடுங்க யாராவது."

"நான் வரேன் சார். எடம் எனக்குத் தெரியும்" என்றாள் அச்சக்கா.

சீட்டை எடுத்தாள். உதட்டிலிருந்து சொட்டியது ஓரத்தில் பட்டது. புறங்கையால் துடைத்துவிட்டு எழுதினாள். இடது முன்னங்கால். பெண். மூன்றாம் விரலில் முள். காய்ந்த மண். அடியில் கையெழுத்து. பழைய அச்சுக்கும் ஒரு சீட்டு எழுதினாள்: அதே புலி, மூன்றாம் விரல் என்னால் சீவப்பட்டது. அதற்கும் கையெழுத்துப் போட்டாள். இரண்டு சீட்டையும் நூலில் கோத்து, அந்தந்த அச்சின் பின்பக்கத்துத் துளையில் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

புது அச்சின் விளிம்பிலிருந்து புழுதி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தேய்க்கவில்லை.

துப்பாக்கிக்காரர் தன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அச்சுகளை மேலிடத்துக்குக் கொண்டுபோக இரண்டு கைகளையும் நீட்டினார். முதலில் பழையதைக் கொடுத்தாள். அதன்மேல் துணி ஒன்றை மடித்து வைத்து, புதியதையும் கொடுத்தாள்.